கம்பத்தாட்டம் சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நம் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இப்போது நானும் இருக்கிறேன். இந்தப் பங்குனியில் ஆண்டு விழா. கம்பத்தாட்டம் வேண்டும் என்று கூட்டத்தில் பேச்செடுத்தேன், எல்லாரும் சரி என்றார்கள். அது விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

மாசி, பங்குனி வந்தால் நம் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பிதான். நோம்பியைத் தொடங்கி வைக்கும் பூச்சாட்டு முடிந்ததும் மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ராத்திரியானால் கொட்டுச் சத்தத்துக்குக் கம்பத்தைச் சுற்றி ஆட்டம். ஈரோட்டில் கம்பம் ஊர்வலம் வரும்போது சனம் உப்பும் மிளகும் வீசும். கரூரில் வைகாசியில் கம்பத்தை அமராவதி ஆற்றில் விடுவார்கள். உங்களுக்குத் தெரியாததா? எழுத உட்கார்ந்தால் கை நிற்க மாட்டேன் என்கிறது.

நம் ஊர் ஆட்டத்தில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. தெற்கு வளவுப் பிள்ளைகள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். அவர்களுடைய தாத்தா அடிக்கும் பறைக்கு நாங்கள் ஆடுவோம், அவர்கள் பார்ப்பார்கள்.

நீங்கள் எங்கள் வகுப்புக்கு வந்த வருசம், பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுண்ணாம்பில் பெரிய வட்டம் போட்டீர்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே வரிசையாக நிற்கச் சொன்னீர்கள். எந்த வளவு, யார் வீடு என்பதெல்லாம் அதில் கலைந்து போயிற்று. இரண்டு எட்டு முன்னே, ஒரு எட்டு பின்னே, குனிந்து நிமிர்ந்து பக்கத்து ஆளின் உள்ளங்கையில் ஒரு தட்டு. அந்தத் தட்டு கோயில் ஆட்டத்தில் கிடையாது. நீங்களாகச் சேர்த்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அந்தத் தாத்தாவையும் வரவழைத்தீர்கள். சோளத்தட்டைக் கொளுத்தி, பறையைத் தீயில் காட்டிக் காட்டி விரலால் சுண்டிப் பார்ப்பார். சத்தம் கணீரென்று வருகிற வரைக்கும் விடமாட்டார். ஊரில் பொடிப்பயல்கள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனிதரை நீங்கள் “வாங்கய்யா, உக்காருங்க” என்று ஆபீஸ் ரூம் நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். வாத்தியார்கள் குடிக்கும் அதே டம்ளரில் டீ கொடுத்தீர்கள். நாங்கள் அத்தனை பேரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தோம். ஊருக்குள் அன்றைக்கு முணுமுணுப்பு இருந்தது. உங்களிடமும் வந்து பேசினார்கள் என்று அம்மா சொல்லித் தெரியும். அடுத்த வருசமும் அதே வட்டத்தைப் போட்டீர்கள். அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும், டீச்சர்.

அந்தத் தாத்தாவின் பேரன், என் பெயருக்கு அடுத்து நின்றானே, அவனும் குழுவில் இருக்கிறான். இந்த முறை பறை அடிக்கப்போவது ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். சனி, ஞாயிறில் அவன்தான் பழக்குகிறான். நன்றாகவே அடிக்கிறார்கள்.

அடவில் மட்டும் ஒரு தகராறு. கை தட்டியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்கிறேன் நான், இடப்பக்கம் என்கிறான் அவன். பிள்ளைகள் முட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் வந்து சொன்னால்தான் தீரும். வருகிற ஞாயிறு காலையில் இரண்டு பேரும் கார் எடுத்துக்கொண்டு வருகிறோம். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். வந்துருங்க டீச்சர்.

அன்புடன்,
உங்கள் மாணவன்