டாகினிக்குப் பாயசம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் தாந்திரிக வழிபாடு பற்றி வந்த கட்டுரை, டாகினிகள், யோகினிகள் என்னும் தாந்திரிகப் பெண்தெய்வங்களை 'பிணம் தின்னும் சூனியக்காரிகள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தமிழகத்துக்கும் இவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றும் சொன்னது. படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

டாகினி பிணம் தின்பவள் என்பது பொய்யில்லை. சிலப்பதிகாரத்தில் மாலதி என்ற பெண் பால் கொடுக்கும்போது மாற்றாளின் (சக்களத்தியின்) குழந்தை விக்கி இறந்துபோக, அவள் அந்த உடலை ஏந்திக்கொண்டு கோயில் கோயிலாக அலைகிறாள். 'இடுபிணம் தின்னும் இடாகினிப் பேய்' இளம்பெண் வடிவில் வந்து அதைப் பறித்து விழுங்கிவிடுகிறது. படிக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும் இடம் அது. இடாகினி என்பது டாகினியேதான்; தொடர்பே இல்லாத ஊரில் இந்தப் பெயர் எப்படி வந்திருக்கும்?

என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் லலிதா சஹஸ்ரநாமம் சொல்வார். அதில், தொண்டையில் இருப்பதாகச் சொல்லப்படும் விசுத்தி சக்கரத்தில் இருப்பவள் டாகினீச்வரி. கையில் மண்டையோடு செருகிய கட்வாங்கத் தடி. 'பசுலோக பயங்கரீ', அறியாமையில் கட்டுண்டவர்களுக்கு அச்சமூட்டுபவள், என்று ஒரு நாமம். அதற்குச் சற்று முன்னால் வரும் நாமம் 'பாயஸான்ன ப்ரியா'. அடுத்தடுத்த சக்கரங்களில் ராகினிக்கு நெய்ச்சோறு, லாகினிக்கு வெல்லச்சோறு, காகினிக்குத் தயிர்சாதம், சாகினிக்குப் பாசிப்பருப்புச் சோறு, ஹாகினிக்கு மஞ்சள் சாதம். அம்மா பாயசத்தில் ஏலக்காயைத் தட்டிப் போடும்போது, 'பயங்கரிக்கும் பசிக்கும்தானே' என்பார். அந்த அடுக்களையில் வளர்ந்த எனக்கு டாகினியைச் சூனியக்காரி என்று சொல்ல நா எழாது.

திபெத்தியர் அவளை வானில் செல்பவள் என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிறந்த மச்சிக் லப்த்ரோன் என்ற பெண் யோகியை டாகினியாகவே போற்றுகிறார்கள். அவர் வகுத்த பயிற்சியில், சுடுகாடு போன்ற அச்சமூட்டும் இடத்தில் அமர்ந்து, தன் உடலையே வெட்டிப் பசித்த பேய்களுக்குப் படைப்பதாகத் தியானிக்க வேண்டும். மாலதி கதையில் பறித்துக்கொள்ளப்பட்ட உடல், இங்கே மனமுவந்து கொடுக்கப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் புவனேஸ்வரம் அருகே ஹிராபூர் யோகினி கோயிலுக்குப் போயிருந்தேன். வட்டமான கல் சுவர். வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். கூரை கிடையாது, யோகினிகள் வானிலிருந்து இறங்குவதற்கு வழி என்கிறார்கள். உள்சுவர் மாடங்களில் இரண்டடி உயரக் கரிய கல் பெண்கள். ஒருத்தி வில் பிடித்திருக்கிறாள், ஒருத்திக்கு யானை முகம், ஒருத்தி வெட்டுண்ட தலைமேல் நிற்கிறாள். நடுநாயகமான மகாமாயைக்குச் சிவப்புப் புடவை சாத்தி அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பூசை செய்கிறார்கள். 1953இல்தான் அந்தக் கோயில் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

நம் ஊர் யோகினிகளுக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. 10ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆளுயர யோகினிச் சிலைகளை வடித்திருக்கிறார்கள். பரந்து விரிந்த கூந்தல், இதழோரம் எட்டிப்பார்க்கும் கோரைப்பல், அதையும் மீறிய சாந்தமான முகம். 1926இல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அவற்றைத் திரட்டினார். பாரிஸ் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூ கைக்குப் போய், இன்று ஒருத்தி லண்டனில், ஒருத்தி டொராண்டோவில், ஒருத்தி வாஷிங்டனில், இன்னொருத்தி மின்னியாபொலிஸில் என்று அக்கா தங்கைகள் திசைக்கொருவராக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்திருந்த கோயிலின் சுவர்கூட மிஞ்சவில்லை. உத்தரப் பிரதேசத்து லோகரி கிராமத்திலிருந்து திருடுபோன ஆட்டுத்தலை யோகினி லண்டனிலிருந்து 2022இல் மீட்கப்பட்டாள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் காஞ்சி யோகினிகள் நினைவாகவே இருந்தது.

கட்டுரையாளரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும்: வரும் நவராத்திரி சிறப்பிதழில் அந்தக் காஞ்சி யோகினிகளின் படங்களைத் தேடிப்பிடித்து, எந்த நாட்டில் யார் இருக்கிறார் என்ற விவரத்தோடு, ஒரே பக்கத்தில் அருகருகே வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டிக் கொலுப்படிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காஞ்சிபுரம்.