தடம் எங்கே என்று கேளுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அவினாசி, அன்னூர் பக்கம் சைட்டோ (வீட்டு மனை) காடோ (விவசாயப் பூமி) பார்க்க நம் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பட்டா இருக்குதுங்களா?" என்பதுதான். இருக்குதுங்க என்றதும் பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், பத்திரம், வில்லங்கம், பூமிக்குப் போகும் தடம் (வழி) எல்லாம் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

பட்டா வருவாய்த் துறை தருவது. இன்ன புல எண்ணில் (சர்வே நம்பர்) இன்னார் பெயரில் இவ்வளவு பரப்பு என்று சொல்லும், அவ்வளவுதான். அந்தப் பூமி அவருக்கு எப்படி வந்தது என்பதைப் பத்திரத்தில்தான் பார்க்க வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் இன்னும் சிக்கல். ஒரே எண்ணில் நாலைந்து பேர் இருப்பார்கள், விற்கிறவர் பங்கு எந்த மூலையில் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அவர் பங்கைத் தனியாக அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள். அப்புறம், பரப்பு 0.40.50 என்று போட்டிருந்தால் அரை ஏக்கர்கூட இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது ஹெக்டேர் கணக்கு. 40.50 ஏர்ஸ், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

விற்கிறவர் கையில் இருக்கும் கிரயப் பத்திரத்துக்கு முந்தையதெல்லாம் தாய்ப் பத்திரம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்ச்சி விட்டுப்போகக் கூடாது. பூர்வீகப் பூமி என்றால் வீட்டுப் பெண்கள் கையெழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். "கல்யாணத்துலயே நகை போட்டு அனுப்பிட்டோமுங்க" என்பார்கள். அது பேச்சுக்குச் சரி. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது, நாடு முழுவதற்கும் 2005ல் வந்தது.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். குறைந்தது 30 வருஷத்துக்குப் போடுங்கள். பதிவான கிரயம், அடமானம், செட்டில்மெண்ட் (உறவுக்காரருக்கு எழுதிக் கொடுப்பது) எல்லாம் அதில் வரும். பதியாத உயில் வராது. வாய்ப்பேச்சில் விட்ட குத்தகையும் வராது.

இனி தடம். சில வருஷம் முன்பு நாங்களே ஒரு காட்டை முடித்துக் கொடுத்தோம். பட்டா, பத்திரம், வில்லங்கம் எல்லாம் சுத்தம். கிரயம் ஆன அடுத்த மாதம் பக்கத்துக் காட்டுக்காரர் கம்பி வேலி போட்டுவிட்டார். அதுவரை எல்லோரும் வண்டி ஓட்டிப் போன வழி அவருடைய சொந்தப் பூமி! பத்திரத்தில் தடப் பாத்தியம் (அந்த வழியில் போகும் உரிமை) பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் தப்புதான், நேரில் போனபோது வண்டி உள்ளே போயிற்று, அதோடு விட்டுவிட்டோம். வாங்கியவர் கடைசியில் பணம் கொடுத்துத்தான் வழி வாங்கினார். அன்றிலிருந்து பத்திரத்தில் செக்குபந்தி (நான்கு பக்க எல்லை விவரம்) படிக்கும்போது தடம் எத்தனை அடி, எந்தப் புல எண்ணில் போகிறது, மாமூல் தடமா (வழக்கமாகப் போய்வருவது), எழுதிக் கொடுத்த பாத்தியமா என்று பார்க்காமல் நாங்கள் ஃபைலை மூடுவதில்லை. கிணறு இருந்தால் அதில் எத்தனை பங்கு, மோட்டார் கரண்ட் சர்வீஸ் யார் பெயரில், தண்ணீர் முறை எப்படி என்பதும் எழுத்தில் வரவேண்டும்.

சைட் என்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்யும் சலுகை 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்தவற்றுக்கு மட்டும்தான். அடுக்குமாடி வீடென்றால் விளம்பரத்தில் போடும் சதுர அடி வேறு, சுவருக்குள் நீங்கள் புழங்கும் கார்பெட் ஏரியா வேறு. பூமியில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம் (யுடிஎஸ்) எத்தனை சதுர அடி என்று பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.

செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு (அரசு வைத்திருக்கும் விலை), கிரயத் தொகை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கு. 40 லட்சத்துக்கு 3,60,000 ரூபாய் ஆகும். 10 லட்சத்துக்குள் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

பேப்பர் காட்ட வருகிறவர்கள் ஜெராக்ஸ் மட்டும் கொண்டுவந்தால் போதும். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், எங்களிடமும்தான்.