ஃப்ளூமுக்கு ஓர் இடம் வேண்டும்

அன்புள்ள விஜி,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்குப் போகாமல் டிமிக்கி கொடுக்கிறாய் என்று உன் மகள் சொன்னாள். நான் போட்டுக்கொடுத்ததாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே. இங்கே மாமியாருக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. இவருக்கு வாக்கிங், செய்தித்தாள், மதியத் தூக்கம். சின்னவள் மறுபடி வேலை மாறிவிட்டாள், காரணம் கேட்டால் 'வைப் சரியில்லை' என்கிறாள். குடும்பச் செய்திகள் அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் துறையை மூடுகிறார்கள். போனில் சொன்னால் நீ கத்துவாய், பதிலுக்கு நான் கத்துவேன், சொல்ல வந்தது நடுவில் காணாமல் போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

மூடுவது என்றால் பூட்டுப் போட்டு அல்ல. சிவிலுக்கு இனி முதலாண்டு அட்மிஷன் கிடையாது, இருக்கிற பிள்ளைகள் முடித்து வெளியே போனதும் துறை தானாக அணைந்துவிடும். ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ. 2024இல் தளர்த்தியதிலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் வீங்கிக்கொண்டே போகிறது. எங்கள் காலியிடங்களெல்லாம் அங்கே போகின்றன. சேர ஆளில்லாத துறையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. ஆனால் சிவில் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். உன் காண்ட்ராக்டர்கள்தானே கொடுக்கிறார்கள்! அந்தச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு எந்த அப்பன் தன் பெண்ணை இங்கே கொண்டுவந்து சேர்ப்பான்?

எனக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பாய். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே பைத்தான் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை முடித்துச் சான்றிதழ் தரவேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். இங்கே நீ பல்லைக் கடிப்பது கேட்கிறது. வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை, இந்த வயதில் வேறு எந்தக் கல்லூரியில் போய் நிற்பது? தவிர, கிராஃபிக்ஸ் எனக்குப் பிடிக்கும். பென்சில் சார் மட்டும் உயிரோடு இருந்தால் நான் இப்போது போடும் கோட்டைப் பார்த்து என்ன சொல்வார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். "அம்மணி, இது கோடா, கம்பளிப்பூச்சியா?"

ஒன்று சொல்லட்டுமா? ஹெச்ஓடி பதவி என்னைத் தாண்டி எனக்கு ஜூனியரான ஒரு பையனிடம் போனபோது நான் எவ்வளவு குமுறினேன் என்று உனக்கு நினைவிருக்கும். 'சைட்டுக்கு நேரம் காலம் இல்லாமல் போகவேண்டியிருக்கும், மேடத்துக்குச் சிரமம்' என்றார்களே, அதே காரணம்தான். பிஎச்.டி.யை நடுவில் கைடு மாறி முதலிலிருந்து தொடங்கியது, அசோசியேட் என்று பெயரைக் கொடுத்துவிட்டு அசிஸ்டன்ட் சம்பளத்தைக் கொடுத்தது, கொரோனாவில் அதிலும் பாதியை வெட்டியது, மே மாதமானால் பிளஸ் டூ பிள்ளைகளின் போன் நம்பரைக் கையில் கொடுத்து 'ஆள் பிடியுங்கள்' என்றது, என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் இன்னும் அவர்கள் பீரோவில் இருப்பது... இதெல்லாம் உனக்கு மனப்பாடம், மறுபடி ஒப்பிக்கவில்லை. துறையை மூடுவது மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. அந்தக் கோபங்களெல்லாம் எனக்காகப் பட்டவை. இப்போது கோபம் வேறொன்றுக்காக வருகிறது. அதைத்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

ஹைட்ராலிக்ஸ் லேபைக் காலி செய்து அங்கே கம்ப்யூட்டர் லேப் போடுகிறார்கள். வி-நாட்ச், வென்சுரி மீட்டர், பெல்டன் வீல் எல்லாம் காயலான் கடைக்கு. ஃப்ளூமும்தான், விஜி. அந்தக் கண்ணாடி வாய்க்கால். ஐந்து மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் அகலம். தர அங்கீகாரம் தரும் என்.பி.ஏ. குழு வருகிறது, வருகிறது என்று நிர்வாகத்தைப் பயமுறுத்தி நான் வாங்கவைத்தது. இரும்பு எடைக்கு விலை பேசியாகிவிட்டது. கண்ணாடிக்கு விலை இல்லையாம்.

அதில் இப்போது என்ன ஓடிக்கொண்டிருக்கிறது தெரியுமா? குமிழித்தூம்பு, பழைய கண்மாய் மடையின் மாடல்!

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய் கண்மாயாகச் சுற்றுவது உனக்குத் தெரியும். 'கல்லுப் பைத்தியம்' என்று இவர் பெயர் வைத்திருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கம் எந்தப் பழைய கண்மாய்க்குள் இறங்கினாலும் கரைக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு கல்தூண் நின்றுகொண்டிருக்கும், நடுவில் குறுக்குக் கல். ஊரில் கேட்டால் 'அது பழைய மடை' என்பார்கள். சில தூண்களில் எழுத்து இருக்கும். எழுத்து படிக்கத்தான் வகுப்புக்குப் போனேன். வட்டெழுத்து இன்னும் தகராறு, தமிழ் எழுத்து ஓரளவு வருகிறது. இன்னார் செய்வித்த குமிழி என்று ஒரு வரி தெளிவாகப் படிக்க வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம்.

தூணுக்கு அடியில்தான் வேலையே இருக்கிறது. தரையில் கல்தொட்டி. மேல் மூடிக்கல்லில் ஒரு துளை, அது நீரோடி. அதைக் குழவிக் கல்லால் அடைத்து வைப்பார்கள். தொட்டியின் பக்கத்தில், தரை மட்டத்தில், சின்னத் துளைகள். அவை சேறோடி. தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் சுருங்கை, அதாவது மூடிய கால்வாய், ஓடி வயல் பக்கம் வெளியேறும். அடைப்பைத் தூக்கினால் மேலே தெளிந்த தண்ணீரும் கீழே சேறும் சேர்ந்து வெளியே போகும். 'நீர் 80 பங்கு, சேறு 20 பங்கு போகும்படி சோழர்கள் அமைத்தார்கள், கண்மாயைத் தூர்வாரவே வேண்டியதில்லை' என்று வாட்ஸ்அப்பில் வரும், நீயும் எனக்கு அனுப்பியிருக்கிறாய். அதை யார் அளந்தது, எந்தக் கண்மாயில், எவ்வளவு ஹெட்டில், அதாவது துளைக்கு மேல் எவ்வளவு உயரத் தண்ணீரில்? ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு எரிச்சல் வந்து, அளந்துதான் பார்ப்போமே என்று இறங்கிவிட்டேன்.

மூன்றாம் ஆண்டுப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். படம் பிடிக்க கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன் ஒருவன். அக்ரிலிக்கில் பத்தில் ஒரு பங்கு மாடல். மாடலையும் நிஜத்தையும் ஒப்பிடும் நம் பழைய ஃப்ரௌட் கணக்கு நினைவிருக்கிறதா? நீளம் பத்தில் ஒன்று என்றால் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, வெளியேறும் தண்ணீர் 316இல் ஒன்று. பரீட்சையில் இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, 'ஆற்றில் ஓடுவதைவிட மாடலில் அதிகம் ஓடுகிறது சார்' என்று நீ வாதாடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்மாய்க்குள்ளிருந்து வண்டல் மண்ணையே எடுத்துவந்து ஃப்ளூமில் போட்டோம். லேப் உதவியாளர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார், பம்ப் போய்விடும் என்று. போகவில்லை.

தெரிந்தது இதுதான். திறந்தவுடன் சேறோடி வேகமாக இழுக்கிறது. தொட்டியைச் சுற்றிப் புனல் மாதிரி ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளம் ஆனவுடன் சேறு நின்றுவிடுகிறது, பிறகு வருவது வெறும் தண்ணீர். அதைத் தாண்டிக் கிடக்கும் மண் அசையவே இல்லை. அணைகளின் அடிமதகுகளிலும் இதே கதைதானே. ஆகவே கண்மாய் தன்னைத் தானே தூர்வாரிக்கொள்ளும் என்பதெல்லாம் கதை. மடைவாய் மட்டும் தூர்ந்துபோகாமல் இருக்கும். அது என்ன சின்ன விஷயமா? மடை அடைத்துக்கொண்டால் கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வராது. அன்றைக்கு அதைக் கட்டியவன் எதற்குக் கட்டினானோ அது நடக்கிறது. நாம்தான் அவன் தலையில் இல்லாத பெருமையை ஏற்றுகிறோம்.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடித்தது. துளை வழியாக வரும் தண்ணீர் ஆழத்தின் வர்க்கமூலப்படிதானே குறையும். துளைக்கு மேல் நிற்கும் தண்ணீர் நாலில் ஒரு பங்காக வற்றினாலும் வரத்து பாதியாகத்தான் ஆகிறது. கோடையில் கடைமடைக்காரன் வாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் போவது இதனால்தான். முப்பது வருஷமாக இந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு கண்மாயோடு சேர்த்துப் பிள்ளைகளிடம் சொன்னது இப்போதுதான். அந்த இரண்டு பெண்களும் அதை நோட்டில் எழுதாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

களத்தில் எல்லாம் இப்படி அழகாக இருந்தது என்று நினைத்துவிடாதே. ஒரு கண்மாயில் பெரியவர் ஒருவர் வந்தார். பழைய மடை திறக்கிற முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஆவலாகப் போனேன். 'கலெக்டர் ஆபீஸா?' என்றார். இல்லை என்றதும் பட்டா பெயர் மாற்றத்துக்கு யாரைப் பார்ப்பது என்று ஒரு மணி நேரம் பேசினார். மடையைப் பற்றிக் கேட்டதற்கு, 'போர் போட்ட பிறகு எவன் மடையைத் திறக்கிறான்' என்று ஒரே வரி. இவ்வளவுதான் என் வாய்மொழி வரலாறு.

சோழர் காலத்தில் உத்திரமேரூர் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்தது நினைவிருக்கிறதா, டூர் போனபோது நீ கல்வெட்டு முன்னால் நின்று மனு போடுகிறேன் என்றாயே? 35 வயதுக்கு மேல் 70க்குள். நமக்கு வயது இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. மற்ற எதுவும் பொருந்தாது.

விஜி, நாம் விடுதியில் இருந்தபோது தெரேசியா அம்மாவைப் பற்றிப் பேசிக்கொள்வோம். நாற்பதுகளில் கிண்டியில் சிவில் படித்து, 1971இல் கேரளத்தில் தலைமைப் பொறியாளர் ஆனவர். நீயோ நானோ அவரை மாதிரி வருவோம் என்று இருந்தோம். நான் தலைமை எதற்கும் வரவில்லை. அது இப்போது உறுத்தவில்லை, நிஜமாகத்தான். உறுத்துவது வேறு. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் அப்பா கொத்தனார். அவள் தங்கைக்கும் சிவில் வேண்டுமாம், எங்கே சேர்க்கலாம் என்று என்னிடம் கேட்டாள். பக்கத்தில் எங்கேயும் இல்லை. பஸ் போகிற தூரத்தில் இல்லையென்றால் அந்த வீட்டில் அனுப்பமாட்டார்கள். கம்ப்யூட்டர் எடுக்கச் சொல் என்று என் வாயால் சொன்னேன்.

சரி, இனி உனக்கு வேலை. இரண்டு காரியம்.

ஒன்று, 1883இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு ஏரிக்கும் எழுதிவைத்த மெமாயர்கள் உங்கள் நீர்வளத்துறை அலுவலகங்களில் இருக்குமே. முழுக்கொள்ளளவு மட்டம், ஆயக்கட்டு, மடைகளின் அளவு எல்லாம் அதில் இருக்கும். நான் பார்க்கும் கண்மாய்களின் பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். நகல் எடுக்க முடிந்தால் பார். பொதுப்பணித் துறையிலிருந்து 2021இல் நீர்வளத்துறை பிரிந்தபோது எந்த பீரோ எங்கே போனதோ, அது உன் தலைவலி. 'ரெக்கார்ட் ரூம் சாவி இல்லை' என்று மட்டும் எனக்கு எழுதாதே.

இரண்டு, ஃப்ளூம். பூண்டியில் உங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இதைவிடப் பெரிதாக எல்லாம் இருக்கும், அவர்களுக்கு இது பொம்மை. ஆனால் ஏதாவது அரசு பாலிடெக்னிக், ஒரு பயிற்சி மையம், மூலையில் தண்ணீர்த் தொட்டியும் கரண்டும் இருக்கிற ஓர் இடம் உனக்குத் தெரியாதா? இரும்பு எடைக்கு என்ன விலையோ அதை நான் கொடுத்துவிடுகிறேன், நிர்வாகத்திடம் கேட்டாயிற்று, ஆட்சேபம் இல்லை. லாரி வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வோம். முழுவதும் நீ போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஏ கிரேடு அதிகாரி நீதானே. இடம் கிடைக்கவில்லை என்றால் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் வைக்கலாம் என்று இருக்கிறேன். ஐந்து மீட்டர் உள்ளே போகும், கார் வெளியே நிற்கும். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

செமஸ்டர் லீவுக்குள் எடுத்தாக வேண்டும், அதனால் கடிதம் கிடைத்ததும் போன் செய். இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம், பைத்தான் வகுப்பு.

அன்புடன்,
கோமு

பி.கு.: உன் மகள் கேட்ட நார்த்தங்காய் ஊறுகாய் தயார். அதை வாங்குகிற சாக்கிலாவது ஒருமுறை இங்கே வா. முழங்கால் சரியாக இருந்தால் கண்மாய்க்குள் இறங்கலாம்.