மடுவுக்குப் புறப்படுமுன்: வன்னி மறையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான மறையாசிரியர்களே,

மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக இப்போதே பஸ் பேசியிருப்பீர்கள். அதற்குள் ஒரு விடயம் கேட்கிறேன்.

"கடவுள் எல்லா இடத்திலும் இருக்கிறாரே, பிறகு ஏன் மடு?" என்று கேட்கும் பிள்ளைக்கு, "கூடிச் செபிக்க ஒரு பொது இடம் வேண்டும்தானே" என்று நம்மில் பலர் சொல்லி முடித்துவிடுகிறோம். அது போதாது.

பிள்ளையின் கேள்வி பழையது. நான்காம் நூற்றாண்டிலேயே நீசா நகர் ஆயர் கிரகோரியார், இடம் மாறிப் போவதால் கடவுள் கிட்ட வந்துவிடமாட்டார் என்று எருசலேம் யாத்திரையைப் பற்றிக் கடுமையாக எழுதினார். இந்த மலையிலோ எருசலேமிலோ அல்லாமல் தந்தையை வழிபடும் காலம் வருகிறது என்று சமாரியப் பெண்ணிடம் ஆண்டவரே சொன்னார். சரி, ஆனால் எங்கே இருந்து சொன்னார்? யாக்கோபின் கிணற்றடியில், நடந்த களைப்போடு, குடிக்கத் தண்ணீர் கேட்டபடி. எங்கும் நிறைந்தவருக்குக் கால் உளைந்தது, தாகம் எடுத்தது. மனுவுரு எடுத்தல் என்று நாம் படிப்பிப்பது இதைத்தான். எனக்காகப் பருப்பொருளானவரை வணங்குகிறேன் என்று எட்டாம் நூற்றாண்டில், திருவுருவங்களை வணங்குவதை ஆதரித்து எழுதிய புனித தமஸ்கு யோவான் சொன்னதும் இதே நம்பிக்கையில்தான். கடவுள் உடலெடுத்தார் என்றால் மண்ணுக்கும் மரத்துக்கும் மதிப்பு உண்டு.

இனி மடுவின் கதையைச் சொல்லுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மன்னார்ப் பக்கத்து மாந்தையை விட்டு ஓடிய குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைக் காட்டுக்குள் தூக்கிவந்தன. உள்நாட்டுப் போரில், 1999 நவம்பரில் அங்கே தஞ்சமிருந்த மக்கள் மேல் எறிகணை விழுந்தது, குழந்தைகளும் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சுரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. நமது புனித இடம் அகதிகள் உண்டாக்கியது. தொழுவத்தில் பிறந்து எகிப்துக்கு ஓடிய பிள்ளையை வணங்குகிறவர்களுக்கு இதில் வியப்பில்லை.

பாம்புக் கடிக்குக் காப்பு என்று நம்பி அம்மம்மாமார் கொண்டுவரும் மடு மண்ணைப் பார்த்துப் பிள்ளைகளைச் சிரிக்க விடாதீர்கள். அது ஒரு செபம். பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதையும் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு ஒரு வேலை கொடுக்கலாம். இடம்பெயர்ந்த காலத்தில் தங்கள் வீட்டார் எங்கே இருந்து செபமாலை சொன்னார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதிவரட்டும். போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் பக்கத்துப் பதுங்குகுழியாக இருக்கும், செட்டிகுளத்து முகாம் கூடாரமாக இருக்கும். அந்த ஊர்ப்பெயர்களைத் திருப்பலியின் மன்றாட்டில் வாசிக்கப் பங்குச் சுவாமியிடம் கேளுங்கள். சில வீடுகளில் வாய் திறக்கமாட்டார்கள். அங்கே பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒரு மறையாசிரியர்