முதலில் மீட்டரைப் பார்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லாரும் நலம்.

கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது, புது ஏசி வாங்கலாமா, சோலார் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டையும் கொஞ்சம் தள்ளிவை. வீண் செலவை அடைக்காமல் சோலார் போட்டால், அந்த வீணுக்கும் சேர்த்துப் பேனல் வாங்க வேண்டிவரும்.

முதலில் மீட்டரைப் பார். டிஜிட்டல் மீட்டரில் சின்னதாக ஒரு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை தரம் மினுக்கும் என்று கணக்கு. உன்னுடையது 3200 என்றால், இரண்டு மினுக்கலுக்கு நடுவே எத்தனை விநாடி என்று பார்த்து, 1125-ஐ அதால் வகு. அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் வந்துவிடும். ராத்திரி ஃபேன், லைட் எல்லாம் அணைத்து, பிரிட்ஜ் பிளக்கையும் கழற்றிவிட்டுப் பார். 20 விநாடிக்கு ஒரு தரம் மினுக்கினால் 56 வாட் சும்மா ஓடுகிறது; மாதத்துக்கு 40 யூனிட். செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், மோடம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். எல்லாம் கழற்றியும் மினுக்கல் நிற்கவில்லை என்றால் ஒயரிங்கில் கசிவு இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடு.

அடுத்து, வாட்டை மட்டும் பார்த்து மிரளாதே, ஓடும் நேரத்தையும் சேர்த்துப் பெருக்கு. 1200 வாட் மைக்ரோவேவ் தினம் 5 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட்தான். 75 வாட் ஃபேன் 15 மணி நேரம் சுற்றினால் 1.1 யூனிட். அதனால்தான் முதலில் ஃபேனை மாற்றச் சொல்கிறேன். பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள புதுவகை ஃபேன், முழு வேகத்தில் 30 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும். மேலே சொன்ன கணக்கில் ஃபேனுக்கு மாதம் 20 யூனிட் மிச்சம். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் போடு. எப்போதாவது ஆள் தங்கும் அறையில் பழையதே இருக்கட்டும், போட்ட காசு திரும்பாது. மாட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைக்கச் சொல். அதை வைத்து வேகத்தைக் குறைத்தால் ஃபேன் இரையும், உள்ளே இருக்கும் போர்டும் சீக்கிரம் போய்விடும்.

ஏசியை மாற்றுவதற்கு முன் வெயிலை மாற்று. உன் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பதால் சொல்கிறேன்: பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி அறைக்குள் இறக்கும், ஏசி அதோடு மல்லுக்கட்டும். தளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடி. பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிரைமர், அதன்மேல் இரண்டு கோட். இரண்டாவது கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்காக இழுக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் கொப்புளம் கட்டி உரிந்துவிடும். தூசி படிந்தால் பெயிண்டின் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிடு.

கதவடி இடுக்கை ரப்பர் பட்டையால் அடை. ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் கழுவு. 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் 24 வைத்த சுகம் கிடைக்கும். ஒரு டிகிரி கூட்டினாலே ஏசி செலவில் சுமார் 6 சதவீதம் குறையும் என்பார்கள்.

பிரிட்ஜை மாற்றத் தோன்றினால், முதலில் ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கேஸ்கெட், அதாவது கதவு ஓரத்து ரப்பர், தளர்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும். பல்புகள் எல்ஈடிதானே? 60 வாட் குண்டு பல்பு எங்காவது மிச்சமிருந்தால் 9 வாட் எல்ஈடி போடு.

மீட்டரில் உள்ள எண்ணையும், ராத்திரி பார்த்த விநாடியையும், கடைசி பில் யூனிட்டையும் எழுதி அனுப்பு. சோலார் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
செல்வம்