ஓர்க்னி பயணத்தில் விடுபட்ட இரண்டு பண்ணைகள்

ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுகள் பற்றிய பயணக் கட்டுரையில் கற்கால ஊரான ஸ்காரா பிரேயும் பிராட்கர் கல்வட்டமும் இடம்பெற்றிருந்தன. கர்பஸ்டர், கோரிகல் பண்ணை அருங்காட்சியகங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. தீவு மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது விளங்க வேண்டுமானால் இவை இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கர்பஸ்டரில் முதலில் அடுப்பைக் கவனியுங்கள். சுவரோரத்தில் இல்லாமல் கூடத்தின் நடுவே, பின்னால் ஒரு கல் தடுப்போடு இருக்கிறது. எரிப்பது பீட், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண். புகை வெளியேறக் கூரையில் ஒரு திறப்பும், அதன்மேல் ஒரு பலகையும் உண்டு. காற்றடிக்கும் பக்கத்தை மறைக்கும்படி பலகையைத் திருப்பி வைப்பார்கள். காற்று திசை மாறியபின் அப்படியே விட்டால் புகை வீட்டுக்குள்ளேயே இறங்கிவிடும். பக்கத்திலேயே, சுவரில் மாடம்போல் பலகைக்கற்களால் அமைத்த படுக்கை. 5,000 ஆண்டுப் பழமையான ஸ்காரா பிரேயின் கல் கட்டில்களைப் பார்த்துவிட்டு அதே நாளில் இங்கே வாருங்கள். அந்த ஒற்றுமை பிரமிப்பூட்டும். மரம் அரிதான தீவு, தகடு தகடாகப் பிளக்கும் கல்லோ தாராளம். இந்த வீட்டில் 1960கள் வரை ஆட்கள் குடியிருந்தார்கள்.

கோரிகல்லில் களஞ்சியத்தை ஒட்டிய வட்டமான உலர்சூளையை விட்டுவிடாதீர்கள். ஈரக்காற்றில் விளையும் பேர் என்ற பழைய பார்லி வகை, அறுத்தபின்னும் முழுதாகக் காயாது. அப்படியே சேமித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அரைத்தால் எந்திரக்கல்லில் அப்பிக்கொள்ளும். அதனால் குறுக்குக் கழிகளின்மேல் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தானியத்தைக் கொட்டி, தள்ளியுள்ள தீ மூட்டும் வாயிலிருந்து வெப்பத்தை மட்டும் உள்ளே விடுவார்கள். அடிக்கடி கிளறவும் வேண்டும். தழல் கொழுந்துவிட்டால் வைக்கோல் பற்றி, அந்த ஆண்டு விளைச்சலே போய்விடும். களஞ்சியத்தில் எதிரெதிராக இரண்டு கதவுகள் வைப்பதும் காரணமாகத்தான்: இரண்டையும் திறந்து, ஊடே வரும் காற்றில் தூற்றுவதற்கு.

இரண்டிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மதியமும் இடைவேளை விடுவதுண்டு. நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பேருந்தை நம்பினால் பாதி நாள் போய்விடும், கார் நல்லது. வாசல்கள் தாழ்வானவை, தலை கவனம். தரைக்கல் மழையில் வழுக்கும். கர்பஸ்டரில் தீ மூட்டியிருந்தால் ஆஸ்துமா உள்ளவர்கள் வாசலருகே நின்று பார்ப்பதே நல்லது. வெளிச்சத்திலிருந்து போனவுடன் உள்ளே ஒன்றும் தெரியாது; ஐந்து நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். அவசரக்காரர்கள் அதற்குள் திரும்பிவிடுவதுதான் வருத்தம்.

கோடையில் போகிறவர்கள் பர்சே வட்டாரத்தில் 1873இல் கட்டிய, தண்ணீரால் ஓடும் பேரனி மாவாலையையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே பேர் மாவு வாங்கினால் தனியாகப் பிசையாதீர்கள். பசைத்தன்மை குறைவு, ரொட்டி உதிர்ந்துவிடும். கோதுமை மாவும் கலந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்