பத்திரிகைல அந்தக் காலி வரி

மக்ளே,

நேத்து ராத்திரி நீ வாட்ஸ்ஆப்ல அனுப்பின உன் கல்யாணக் கார்டு டிசைனப் பாத்தேன், கலரெல்லாம் கொள்ளாம், ஆனா மாப்பிள்ளை பக்கத்துல எம்பேருக்கு மேல ஒரு வரி காலியா விட்டிருக்கல்லா, அதப் பாத்த பெறவு எனக்கு உறக்கம் வரல. வாய்ஸ் மெசேஜ் போடலாம்னு ரெண்டு மட்டம் அமுக்கினேன், தொண்ட அடைச்சிட்டு, அதான் டைப் பண்ணுகேன், எழுத்து தப்பா இருந்தா சிரிக்காத.

அங்க யாரு பேரு வரணும்னு நீ கேக்கல, காலியா விட்டு அனுப்பிட்டு சும்மா இருக்கே. சின்னதுலயே நீ இப்படித்தான், மார்க்கு கொறஞ்சா ரிப்போர்ட் கார்ட மேசைல வச்சிட்டு வெளிய போயிருவே.

இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுகாவ. பெரிய மாமா சொல்லுகாரு அந்தாளு, அதான் உங்கப்பா, பேரே வராண்டாம்னு. சித்தி என்னடான்னா பேரு போட்டா மட்டும் போராது, ஸ்டேஜ்ல ரெண்டு பேரும் சேந்து நிக்கணும், பெண்ணு வீட்டுக்காரங்க முன்ன அதுதான் மரியாதன்னு சொல்லுகா. எனக்கு வந்த ஆத்திரத்துல சாயா கூட குடுக்காம அனுப்பிட்டேன், பாவம், நாளைக்கி போய் சமாதானம் சொல்லணும்.

உனக்கு அந்தக் கதை பாதிதான் தெரியும். நான் சொன்ன பாதி. 2001-ல உன்னையும் ஒரு பெட்டியையும் தூக்கிட்டு பாட்டா வீட்டுக்கு வந்தப்ப நீ ஒண்ணாங்கிளாஸ். அப்பா சவுதிக்குப் போயிருக்காருன்னு சொன்னேன், அவரு அப்ப குழித்துறைலதான் இருந்தாரு. குடியும் கெடையாது அடியும் கெடையாது, வேற பொண்ணுன்னும் ஒண்ணும் இல்ல. கையெழுத்துதான் அவருக்கு வெனை. எவன் கடன் வாங்கினாலும் ஜாமீன் போடுவாரு, அவன் கெட்டலன்னா என் நகைய எடுத்துட்டுப் போய் அடகு வைப்பாரு, கேட்டா பீரோல பத்திரமா இருக்குன்னுவாரு. 35 பவுன் போட்டு கெட்டிக் குடுத்தாரு பாட்டா, நான் எறங்கி வந்த அன்னைக்கி கைல இருந்தது 8. நகை போனத விட, தெனமும் என் மொகத்தப் பாத்து பத்திரமா இருக்குன்னு சொன்னதுதான் எனக்கு வெப்ராளம்.

அந்தக் காலத்துல கிறிஸ்தவங்களுக்கு டைவர்ஸ்னா லேசுல்ல. 1869-ல வெள்ளக்காரன் போட்ட சட்டம், புருஷன் வேற ஒருத்திகூடப் போனான்னு காட்டினாலும் பொண்டாட்டிக்குப் போராது, கொடுமையோ விட்டுட்டுப் போனதோ அதுகூட சேத்துக் காட்டணும், ஆம்பளைக்கு முதல்ல சொன்னது ஒண்ணே போரும். ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறதுன்னு அதுல எடமே கெடையாது. நான் வீட்ட விட்டு எறங்கின அதே 2001-லதான் அதத் திருத்தினாங்க. ரெண்டு வருஷம் தனியா இருந்தாச்சுன்னா சேந்து மனு குடுக்கலாம், குடுத்துட்டு ஆறு மாசம் காத்துக் கெடக்கணும். வக்கீலம்மா இதச் சொன்னப்ப எனக்கு மூச்சு வந்தது போல இருந்து, இல்லன்னா செய்யாத தப்ப அவரு மேல போட்டுல்லா நான் வெளிய வரணும். சபைல சும்மா விட்டாங்கன்னு நெனைக்காத, பொம்பளைங்க கூட்டத்துல என் பக்கத்து நாற்காலி கொஞ்ச நாள் காலியாவே கெடந்து. அது பெறவு சரியாச்சு, விடு.

2004-ல, சுனாமிக்கு முன்ன, நாகர்கோவில் கோர்ட்ல தீர்ப்பாச்சு. அஞ்சு நிமிஷம் இருக்காது. வெளிய வந்து வடசேரில பஸ் ஏறினா அவரும் அதே மார்த்தாண்டம் பஸ்ல ஏறுகாரு. நான் முன்னால பொம்பளைங்க சீட்டு, அவரு கடைசில. கண்டக்டர் கிட்ட காச நீட்டினா, ஒங்களுக்கு பின்னால எடுத்தாச்சும்மாங்கான். பழக்கத்துல ரெண்டு மார்த்தாண்டம்னு கேட்டுட்டாரு மனுஷன்! எனக்கு சிரிப்பு வந்து, தக்கலை தாண்டின பெறவு அழுகை வந்து, மார்த்தாண்டத்துல எறங்கி டிக்கெட் காச அவரு கைல குடுத்துட்டு திரும்பிப் பாக்காம நடந்துட்டேன். அதுவரைக்கும் அவியன்னு சொல்லிட்டு இருந்தவ அன்னைலேந்து அவருன்னு ஆக்கினேன், கோவம் வந்தா அதுவும் கெடையாது.

பெறவு உள்ளது உனக்கு ஓர்ம இருக்கும். அண்டி ஆபீஸ்ல முந்திரிக்கொட்டை தல்லி ஒடைக்கதுக்குப் போனேன், அந்தத் தோட்டு எண்ணெ பட்டு கையெல்லாம் கறுத்து தொலி உரிஞ்சு, ராத்திரி சோறு பெசஞ்சு உனக்கு ஊட்டக்கூட முடியாம ஸ்பூன் வாங்கினேன், நீ அத ஸ்டைலுன்னு நெனச்சே. 2006-ல அஞ்சு தேன்பெட்டி, அதுவும் 8 பவுன்ல ரெண்ட வித்து. மொத வருஷமே மூணு போச்சு, ஒண்ணு எறும்பு, ரெண்டு மெழுகுப்பூச்சி. பெட்டிக்காலுக்கு அடில தண்ணிக் கிண்ணம் வைக்கணும்னு கூட தெரியாம பெட்டி வாங்கினவ நான். பெறவு ஒவ்வொண்ணா படிச்சேன், மழைக்காலத்துல சீனிப்பாகு வைக்கணும், ரப்பர் எலை உதிந்து புதுத்தளிர் வாற சமயம் பெட்டியத் தோட்டத்துல கொண்டு எறக்கணும், தேன் பூவுல இல்ல அந்தத் தளிர்க் காம்புல ஊறுது, பெட்டிய மாத்தணும்னா இருட்டின பெறவுதான் மாத்தணும், பகல்ல எடுத்தா வெளிய போன ஈயெல்லாம் வந்து பழைய எடத்தச் சுத்திட்டுக் கெடக்கும். நல்ல வருஷம்னா பெட்டிக்கு எட்டு பத்து கிலோ கெடைக்கும். நீ கோயம்புத்தூர்ல சேரும்போது 70 பெட்டி நின்னு. வேற கல்யாணத்துக்கும் ஒருத்தர் கேட்டாரு, நல்ல மனுஷன்தான், எனக்கு பெட்டியும் நீயும் போரும்னு தோணிச்சு.

இனி நான் சொல்ல வந்தது. போன மாசம் உன் நிச்சயத்துல மைக்கப் பிடிச்சு, எங்கம்மா என்ன ஒத்தைக்கு வளத்தான்னு சொன்னேல்லா, அங்க இருந்த பாதிப்பேரு கண்ணத் தொடச்சாவ, நானும் முந்தானைய வாய்ல வச்சிட்டு நின்னேன். அழுகைன்னு நீ நெனச்சிருப்பே. பயம் மக்ளே.

2017 ஒக்கி புயல் ஓர்ம இருக்கா, நீ கடைசி வருஷம். ரப்பரெல்லாம் முறிஞ்சு பெட்டி மேல சாஞ்சு 70-ல 40 போச்சு. கரண்டும் இல்ல, போன்ல சார்ஜும் இல்ல, உன் பீஸுக்குக் கடைசித் தேதி வருகு. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, ரோட்டுல ஒரு பைக் நிக்கி. உங்கப்பா. வீட்டுக்குள்ள வரல, கேட்டுலயே நின்னு ஒரு கவர நீட்டினாரு. 38,000 ரூவா. பையனுக்கு பீஸ் கெட்டணும்லா, அவன்கிட்ட சொல்லாண்டாம்னாரு. அதுக்குள்ள அவருக்கு வேற குடும்பம், ஒரு பெண்பிள்ளை, எங்கேருந்து பெரட்டினாரோ. திரும்ப ஜாமீன் போட்டாரோ என்னவோன்னு மனசுல ஓடிச்சு, கேக்கல, வாங்கிட்டேன்.

உன்கிட்ட பழைய ஸ்டாக் தேன வித்துக் கெட்டினேன்னு சொன்னேன். அவரு சொல்லாண்டாம்னு சொன்னதால மறைச்சேன்னு இத்தன நாள் எனக்கு நானே சொல்லிட்டுக் கெடந்தேன். அது நெசமில்ல. ஒத்தைக்கு வளத்தவங்கிற பேரு எனக்கு வேண்டியிருந்து. பக்கத்துல காலி நாற்காலி போட்டவங்க முன்ன எனக்குன்னு இருந்த ஒரே நகை அதுதான், அதுல 38,000 ரூவாய்க்கு உங்கப்பா பேரு வரக்கூடாதுன்னு நெனச்சேன். பீரோல பத்திரமா இருக்குன்னு அவரு சொன்னாரு, ஸ்டாக் தேன்னு நான் சொன்னேன். கோவம் வந்தா வரட்டும், போன எடுக்காம மட்டும் இருக்காத.

அதனால அந்த வரில அவரு பேரப் போடு. தனி வரில அவரு, அடுத்த வரில நான், நடுவுல திருமதின்னு போட்டு ரெண்டு பேரையும் சேத்துக் கெட்டாண்டாம், பிரஸ்காரன் பழக்கத்துல போட்டுருவான், பாத்துக்கோ. சபைல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போதும் இன்னாரு மகன்னு அவரு பேரு வரட்டும். ஸ்டேஜ்ல சேந்து நிக்கிற கதை மட்டும் நடக்காது, சித்திகிட்ட நான் சொல்லிக்கிடுகேன். அவரு ஒரு போட்டோ எடுக்கட்டும், நான் ஒரு போட்டோ எடுக்கேன். அந்த அம்மாளையும் பிள்ளையையும் கூப்பிடணுமான்னா, அந்தப் பிள்ளை உனக்குத் தங்கச்சி முறைதானே, நீ யோசிச்சுக்கோ, நான் மூஞ்சி காட்ட மாட்டேன். காட்ட மாட்டேன்னு நெனைக்கேன்.

ஈஸ்டர் கழிஞ்சு ரெண்டாவது வாரம் கல்யாணம், புரூஃப் இந்த சனிக்கெழமைக்குள்ள வேணுமாம். நான் நாளைக்கி விடியக்காலமே அருமனைத் தோட்டத்துல தேன் எடுக்கப் போவேன், சாயங்காலம் வரை ரேஞ்ச் கெடைக்காது. பேரு போடுகதுக்கு முன்ன நீயே அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுரு. நம்பர் எனக்குத் தெரியாதுன்னு போன வருஷம் உன்கிட்ட சொன்னேன்லா, கீழ அனுப்பியிருக்கேன் பாரு.

அம்மா